சிறு காயமும் பெரிய கடமையும்

மூன்று வயதுக் குழந்தை ஒன்று வீட்டு வாசற்படியில் இடறி விழுகிறது. புருவத்தின் மேல் தோல் கிழிந்து இரத்தம் வழிகிறது. தாய் முந்தானையால் காயத்தை அழுத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறாள். டாக்டர் பார்க்கிறார். "பயப்பட ஒன்றுமில்லை, அம்மா. சின்னக் காயந்தான். நாலு தையல் போட்டால் சரியாய்ப் போய்விடும்" என்று தைரியம் சொல்லுகிறார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு நடப்பது என்ன? தாயை வெளியே நிற்கச் சொல்லுகிறார்கள். குழந்தையைத் துப்பட்டியில் சுருட்டுகிறார்கள். ஒருவர் தலையைப் பிடிக்கிறார். ஒருவர் கால்களை அமுக்குகிறார். மூன்றாமவர் மார்பின் மேல் கையை ஊன்றுகிறார். ஊசி இறங்குகிறது; குழந்தை வீறிடுகிறது; கதவுக்கு வெளியே தாய் காதைப் பொத்திக்கொள்கிறாள். பத்து நிமிஷத்தில் வேலை முடிகிறது. பத்து நாளில் காயம் ஆறுகிறது. எல்லோரும் அதை மறந்துவிடுகிறார்கள், குழந்தை ஒன்றைத் தவிர.

இது எங்கோ அபூர்வமாக நடக்கும் சம்பவம் அன்று. பிள்ளைகளைப் பெற்று வளர்த்த நமது வாசகர்களில் இதைப் போன்ற ஒரு காட்சியைக் கண்டிராதவர் சிலரே இருப்பர். இதைச் செய்கிறவர்கள் கொடியவர்களும் அல்லர். ஓயாத வேலையும், ஒழியாத கூட்டமும், போதாத ஆட்களும் உள்ள இடத்தில் தங்களால் இயன்றதைச் செய்கிற நல்லவர்களே அவர்கள். வழக்கம் என்ற ஒன்று அவர்கள் கையைப் பிடித்து நடத்துகிறது. ஆனால் வழக்கமாக நடக்கிறது என்பதனாலேயே ஒரு காரியம் நியாயமாகிவிடுமா? நம் நாட்டில் வழக்கம் என்ற பெயரால் நின்று நிலவிய அநியாயங்கள் எத்தனை என்பதைப் பொதுவாழ்வில் ஈடுபட்டவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

காயம் சிறியது என்பதனால் அதைத் தைக்கும் வேதனையும் சிறியது என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை நமக்கு யார் கொடுத்தார்கள்? இதுவே நாம் இன்று எழுப்ப விரும்பும் கேள்வி. இதற்கு நேர் எதிரான மற்றொரு கேள்வியும் உண்டு. காயம் சிறியது என்பதனால், அதைத் தைப்பதற்காகக் கொடுக்கும் மயக்க மருந்தின் அபாயமும் சிறியது என்று யார் சொன்னார்கள்? இவ்விரண்டு கேள்விகளையும் சேர்த்து ஆலோசித்தாலன்றி நேர்மையான முடிவுக்கு வர முடியாது. பலவந்தம் சிகிச்சை ஆகாது. மயக்க மருந்து விளையாட்டுப் பொருள் ஆகாது. நாம் சொல்ல விரும்புவதெல்லாம் இவ்விரண்டு வாக்கியங்களில் அடங்கியிருக்கிறது.

முதற் கேள்வியை எடுத்துக்கொள்வோம். வலியில்லாமல் ரண சிகிச்சை செய்யும் வித்தை உலகத்துக்குப் புதிதன்று. 1846-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 16-ந் தேதி அமெரிக்காவில் பாஸ்டன் நகர ஆஸ்பத்திரியில் வில்லியம் மார்ட்டன் என்பவர் ஈதர் கொடுத்து நோயாளியை மயக்கிக் காட்டினார். அடுத்த ஆண்டிலேயே எடின்பரோவில் ஜேம்ஸ் ஸிம்ப்ஸன் குளோரோபாரத்தைக் கையாண்டார். 1853-ல் விக்டோரியா ராணியின் பிரசவத்தின்போது டாக்டர் ஜான் ஸ்நோ அதே குளோரோபாரத்தைக் கொடுத்தார். அரசிக்கு வலிக்கும் என்பதை உலகம் உடனே ஒப்புக்கொண்டது. ஆனால் தொட்டிலில் கிடக்கும் சிசுவுக்கு வலிக்கும் என்பதை வைத்திய சாஸ்திரம் மனமார ஒப்புக்கொள்வதற்கு இன்னும் நூற்று முப்பத்து நான்கு ஆண்டுகள் பிடித்தன என்றால், வாசகர்கள் நம்புவார்களா?

நம்பித்தான் ஆகவேண்டும். 1980-க்குப் பிந்திய ஆண்டுகளில்கூட, குறைமாதத்தில் பிறந்த சிசுக்களுக்கு மார்பைத் திறந்து ஆபரேஷன் செய்யும்போது, உடம்பை அசையாமல் நிறுத்தும் மருந்தும் சொற்பமான மயக்க வாயுவும் மட்டும் போதும் என்று மேனாட்டுப் பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே எண்ணிவந்தார்கள். சிசுவின் நரம்புகள் முதிர்ச்சி அடையவில்லை, அதனால் அது வலியை உணராது, உணர்ந்தாலும் நினைவில் வைக்காது என்பது அவர்களுடைய சித்தாந்தம். இந்தச் சித்தாந்தத்தை உடைத்தவர் யார்? நம் நாட்டு இந்தூரில் மகாத்மா காந்தி நினைவு மருத்துவக் கல்லூரியில் படித்து, பிறகு ஆக்ஸ்போர்டுக்குச் சென்ற டாக்டர் கன்வல்ஜீத் ஆனந்த். 1987-ல் அவரும் அவருடைய சகாக்களும் 'லான்ஸெட்' பத்திரிகையில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். ஆபரேஷன் சமயத்தில் வலியை அடக்கும் வீரியமான மருந்தைப் பெற்ற சிசுக்களின் உடம்பில் அதிர்ச்சியின் அறிகுறிகள் குறைந்திருந்தன. ஆபரேஷனுக்குப் பிறகு நேரும் தொல்லைகளும் அவர்களுக்குக் குறைவாகவே நேர்ந்தன. வலியைத் தணிப்பது தயவு மாத்திரம் அன்று, அதுவே வைத்தியம் என்பதை அந்த இந்தியர் உலகத்துக்கு நிரூபித்தார்.

"குழந்தை எப்படியும் மறந்துவிடும்" என்ற பேச்சும் நிற்கவில்லை. 1997-ல் கனடா தேசத்து டொரண்டோவில் அன்னா டாடியோ என்ற அம்மையாரும் அவருடைய தோழர்களும் ஆண் குழந்தைகள் பலரைக் கவனித்தார்கள். பிறந்த சில நாட்களில் வலி நீக்கும் களிம்பு இல்லாமல் விருத்தசேதனம் செய்யப்பட்ட குழந்தைகள், நான்கு அல்லது ஆறு மாதங்கள் கழித்துத் தடுப்பூசி போடும்போது மற்றக் குழந்தைகளைவிட அதிகமாகத் துடித்தன. வாய் பேசத் தெரியாத சிசுவின் உடம்புகூட நினைவு வைத்திருக்கிறது என்றால், பேசத் தெரிந்த மூன்று வயதுக் குழந்தை மறந்துவிடும் என்பது எவ்வளவு பேதைமை! வெள்ளைச் சட்டையைக் கண்டாலே அலறுகிற பிள்ளைகளை நாம் கண்டிருக்கிறோம். அந்தப் பயத்தை அவர்கள் பிறவியில் கொண்டுவரவில்லை. நாம் கற்றுக்கொடுத்தோம்.

ஆகையால் ஒவ்வொரு குழந்தையையும் உறங்கவைத்துத்தான் தையல் போடவேண்டும் என்று சிலர் அவசரப்பட்டு முடிவுகட்டக்கூடும். இங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். 1848-ஆம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி, இங்கிலாந்தின் வடபாகத்தில் வின்லேடன் என்ற சிற்றூரில், ஹன்னா கிரீனர் என்ற பதினைந்து வயதுப் பெண்ணுக்குக் கால் விரல் நகம் ஒன்றை எடுப்பதற்காகக் குளோரோபாரம் கொடுத்தார்கள். சில நிமிஷங்களுக்குள் அவள் உயிர் பிரிந்தது. குளோரோபாரத்துக்குப் பலியானவர்கள் என்று சரித்திரத்தில் பதிவானவர்களில் முதல்வள் அவளே. போன உயிரின் விலை என்ன? ஒரு நகம்! சிகிச்சை சிறியது என்பதனால் மயக்கம் சிறியதாகிவிடவில்லை என்பதற்கு இதைவிடப் பிரத்யட்சமான திருஷ்டாந்தம் வேண்டுமோ?

அது பழைய காலம், குளோரோபாரம் இன்று வழக்கொழிந்துவிட்டது என்று சொல்லலாம். நேற்றைய கணக்கையே பார்ப்போம். அமெரிக்காவில் டாக்டர் சார்லஸ் கோட்டே என்பவரும் அவருடைய சகாக்களும், குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்ததால் நேர்ந்த விபரீதங்கள் 95-ஐ ஒன்றுசேர்த்து ஆராய்ந்து 2000-ல் வெளியிட்டார்கள். அவற்றில் 51 குழந்தைகள் இறந்தன. 9 குழந்தைகளுக்கு மூளையும் நரம்பும் நிரந்தரமாகக் கெட்டன. எந்த மருந்து கொடுத்தார்கள் என்பது அங்கே முக்கியமாக இல்லை. சரியாகக் கண்காணிக்காமையும், மூச்சு நின்றபோது மீட்கத் தெரியாமையும், ஆஸ்பத்திரிக்கு வெளியே தக்க சாதனங்கள் இல்லாத இடங்களில் மருந்து கொடுத்தமையுமே குற்றவாளிகளாக நின்றன. சில குழந்தைகள் வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே உயிர் துறந்தன. வெகுநேரம் வேலை செய்யும் மருந்தைக் கொடுத்து, முழுவதும் விழிப்பதற்கு முன்பே அவற்றை அனுப்பிவிட்டார்கள்.

குழந்தை என்பது சிறிய உருவத்தில் உள்ள பெரிய மனிதன் அன்று. அதன் மூச்சுக்குழாய் குறுகலானது. வாயின் அளவுக்கு நாக்குப் பெரியது. எடைக்கு எடை பார்த்தால் அது செலவிடும் பிராணவாயு பெரியவர்கள் செலவிடுவதைவிட அதிகம். சேமிப்பில் வைத்திருப்பதோ குறைவு. பெரியவர் ஒருவர் தாங்கிக்கொள்ளும் நேரத்துக்குள் குழந்தை நீலம் பாரித்துவிடும். இதில் நம் தேசத்துச் சரித்திரம் ஒன்றும் நினைவுக்கு வருகிறது. 1888-லும் 1889-லும் ஹைதராபாத்தில் நிஜாமின் செலவில், எட்வர்ட் லாரி என்ற டாக்டரின் முயற்சியால், குளோரோபாரத்தைப் பற்றி இரண்டு விசாரணைக் கமிஷன்கள் நடந்தன. மயக்கம் கொடுப்பவன் நாடியைவிட மூச்சையே கவனிக்கவேண்டும் என்பது அக்கமிஷன்களின் முடிவு. குளோரோபாரம் இருதயத்தையே நேராக நிறுத்திவிடக்கூடும் என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. அந்த அளவில் லாரியின் கட்சி தோற்றது. ஆனால் இன்றைய மருந்துகளைக் கொண்டு குழந்தையை உறங்கவைப்பவர்களுக்கு அந்தப் பழைய எச்சரிக்கை அட்சரம் தவறாமல் பொருந்துகிறது. குழந்தைகளுக்கு நேரும் ஆபத்து பெரும்பாலும் மூச்சில்தான் தொடங்குகிறது.

அப்படியானால் செய்யவேண்டியது என்ன? பலவந்தத்துக்கும் மயக்கத்துக்கும் நடுவே அகலமான ராஜபாட்டை ஒன்று இருக்கிறது. அதில் நடக்க நாம் பழகவில்லை என்பதே குறை.

முதலாவது, தையல் அவசியந்தானா என்று கேட்கவேண்டும். விளிம்புகள் சேர்ந்து நிற்கும் சிறு காயத்தை ஒட்டுப் பசையால் மூடிவிடலாம். அதற்கென்று தயாரான பசையை அமெரிக்க சர்க்கார் 1998-ல் அங்கீகரித்தது. இன்று பல நாடுகளில் அது சாதாரணமாக வழங்குகிறது. தலையில் உண்டான வெட்டுக்கு, இரு பக்கத்து மயிரையும் பின்னி ஒரு சொட்டுப் பசை வைத்து மூடும் முறையை ஸிங்கப்பூர் டாக்டர்கள் பரீட்சை செய்து 2002-ல் வெளியிட்டார்கள். இவற்றில் ஊசியும் இல்லை, நூலும் இல்லை, பிறகு தையல் பிரிக்கும் கஷ்டமும் இல்லை. எந்தக் காயத்துக்கு இது தகும் என்று நிதானிப்பது டாக்டரின் பொறுப்பு. கேட்பது நம்முடைய உரிமை.

இரண்டாவது, தையல் அவசியமானால் காயத்தை முதலில் மரத்துப்போகச் செய்யவேண்டும். லிடோகெயின், அட்ரினலின், டெட்ராகெயின் ஆகிய மூன்றையும் கலந்த ஒரு பாகு உண்டு. பஞ்சில் தோய்த்துக் காயத்தின்மேல் இருபது முப்பது நிமிஷம் வைத்தால், சுற்றிலும் தோல் வெளுத்து அந்த இடம் மரத்துவிடும். முகத்திலும் தலையிலும் உண்டான காயங்களுக்கு இது நன்றாக வேலை செய்கிறது. பல நாடுகளில் ஆஸ்பத்திரி மருந்தாளர்களே இதைக் கலந்து தயாரித்துக்கொள்கிறார்கள். ஊசி மூலம் மருந்து ஏற்றத்தான் வேண்டுமென்றாலும், அதிலும் வித்தை இருக்கிறது. மெல்லிய ஊசியாக எடுக்கலாம். மருந்தை உடம்பின் சூட்டுக்குக் கொண்டுவரலாம். சிறிது ஸோடா பைகார்பனேட் சேர்த்து எரிச்சலைத் தணிக்கலாம். நல்ல தோலில் குத்தாமல் காயத்தின் உட்புறத்து விளிம்பில் மெதுவாகச் செலுத்தலாம். இவற்றுள் எதற்கும் கோடி ரூபாய் யந்திரம் வேண்டியதில்லை. சற்றுப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது, தாயை வெளியே நிறுத்தும் வழக்கம் ஒழியவேண்டும். உலகத்தில் குழந்தைக்கு உள்ள ஒரே அபயஸ்தானத்தை, அது மிகவும் பயந்திருக்கும் அந்த வேளையில் அதனிடமிருந்து பறிப்பது எந்த சாஸ்திரத்தில் சொல்லியிருக்கிறது? தாயின் மடியில் உட்கார்ந்து, அவள் கைக்குள் அடங்கி, அவள் சொல்லும் கதையைக் கேட்டுக்கொண்டிருக்கும் குழந்தை, மரத்துப்போன இடத்தில் போடும் தையலைப் பெரும்பாலும் சகித்துக்கொள்ளும். மயங்கி விழக்கூடிய பெற்றோர் சிலர் இருக்கலாம். அவர்களுக்குப் பதிலாகப் பாட்டியோ அத்தையோ வரட்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் அடங்காத குழந்தைகள் உண்டு. உதட்டின் விளிம்பு, கண்ணிமை, நாக்கு போன்ற இடங்களில் மயிரிழை பிசகினாலும் ஆயுள் முழுவதும் வடு நிற்கும். அத்தகைய சமயத்தில் குழந்தையை அமுக்கிப் பிடித்துத் தைப்பதைவிட முறைப்படி மயக்கம் கொடுப்பதே தர்மம். அதற்கு இன்று பெரிதும் பயன்படுவது கெட்டமைன். 1962-ல் அமெரிக்காவில் உண்டாக்கப்பட்டு, 1970-ல் அங்கே அங்கீகாரம் பெற்ற மருந்து அது. அது வலியையும் போக்குகிறது, நினைவையும் துண்டிக்கிறது, அதே சமயத்தில் மூச்சைப் பெரும்பாலும் தன் போக்கில் விட்டுவைக்கிறது. குழந்தை கண்ணைத் திறந்துகொண்டே இருக்கும்; ஆனால் நடப்பதை அறியாது. பெற்றோர் இதை முன்கூட்டி அறிந்திராவிட்டால் திகைத்துப்போவார்கள்.

அதன் அபாயக் கணக்கையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். ஆஸ்பத்திரிகளின் அவசர சிகிச்சைப் பகுதிகளில் கெட்டமைன் பெற்ற 8,282 குழந்தைகளின் விவரங்களைத் திரட்டி 2009-ல் வெளியிட்டார்கள். நூற்றுக்குச் சுமார் எட்டுக் குழந்தைகள் வாந்தி எடுத்தன. ஏறக்குறைய அதே அளவில் விழிக்கும்போது கலவரமடைந்தன. ஆயிரத்துக்கு மூன்று குழந்தைகளுக்குத் தொண்டை இறுகி மூச்சுத் தடைப்பட்டது. 2017-ல் கனடாவின் ஆறு ஆஸ்பத்திரிகளில் 6,295 குழந்தைகளைக் கவனித்து வெளியிட்ட கணக்கில், கடுமையான தீங்கு நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் நேர்ந்தது. கெட்டமைனைத் தனியாகக் கொடுத்த இடத்தில் அது மிகக் குறைவு. வேறு மருந்துகளைக் கூட்டிக் கொடுத்த இடத்தில் அதிகம். ஆயிரத்தில் மூன்று என்பது கேட்பதற்குச் சொற்பந்தான். ஆனால் அந்த மூவரில் ஒருவன் நம் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். தொண்டை இறுகியவுடன் முகமூடி வைத்துப் பிராணவாயுவை அழுத்திச் செலுத்தத் தெரிந்தவர் பக்கத்தில் நின்றால், அது பெரும்பாலும் சில விநாடிகளில் விலகிவிடுகிறது. அத்தகையவர் இல்லாவிட்டால் அதுவே மரணமாகலாம்.

ஆகவே நாம் வற்புறுத்துவது இதுதான். குழந்தைக்கு மயக்கம் கொடுக்கும் இடத்தில், தைக்கும் டாக்டரைத் தவிர, குழந்தையின் மூச்சைக் கவனிப்பதைத் தவிர வேறு வேலை இல்லாத ஒருவர் நிற்கவேண்டும். கத்தரிக்கோலை எடுத்துக் கொடுப்பதும் அவர் வேலை அன்று. குழந்தையின் முகத்துக்குப் பொருந்தும் அளவில் முகமூடியும், பிராணவாயுவும், தொண்டையில் தேங்குவதை உறிஞ்சும் கருவியும், விரலில் மாட்டிப் பிராணவாயுவின் அளவைக் காட்டும் கருவியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். முழுவதும் விழித்துத் தாயை அடையாளம் கண்டுகொள்ளும் வரையில் குழந்தையை அனுப்பக்கூடாது. இவை இல்லாத இடத்தில் மயக்கம் கொடுக்க எவருக்கும் யோக்கியதை இல்லை. அங்கே காயத்தைச் சுத்தம் செய்து கட்டி, வசதியுள்ள இடத்துக்கு அனுப்புவதே உத்தமம். சுத்தமான சிறு காயம் தையலுக்காகச் சில மணி நேரம் காத்திருக்கும். நின்றுபோன மூச்சு சில நிமிஷங்கூடக் காத்திராது.

இன்னொரு தவறான வழியையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. "ஒரு பாலாடை ஸிரப் கொடுத்தால் பிள்ளை தூங்கிவிடும், தைத்துவிடலாம்" என்று எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். தூக்கம் வேறு, வலியின்மை வேறு. தூக்க மருந்து மாத்திரம் பெற்ற குழந்தை ஊசி பட்டவுடன் திடுக்கிட்டு எழும். பாதித் தூக்கத்தில் பயம் இரட்டிப்பாகும். மிடஸோலம் போன்ற மருந்துகள் கலவரத்தை அடக்கும், நினைவை மங்கச் செய்யும், வலியை அகற்றமாட்டா. துன்பத்தை நீக்காமல் துன்பத்தின் சாட்சியை மாத்திரம் அழிப்பது வைத்தியம் ஆகுமா? மேலும், முதல் பாலாடை போதவில்லை என்று இரண்டாவதும், அது போதவில்லை என்று மூன்றாவதும் கொடுத்து, தையல் முடிந்து வலியின் தூண்டுதல் நின்றபிறகு குழந்தை அளவுக்கு மீறிய தூக்கத்தில் மூழ்கிவிடும் அபாயத்தை மறக்கக்கூடாது.

மயக்க மருந்தால் மூளை மழுங்கும் என்று அஞ்சும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலாகவோ பல தடவையோ மயக்கம் கொடுப்பது பற்றி அமெரிக்க சர்க்காரின் மருந்து இலாகா 2016 டிசம்பரில் எச்சரித்தது. ஆனால் சிசுப் பருவத்தில் குடலிறக்க ஆபரேஷனுக்காக ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட மயக்கம் பெற்ற குழந்தைகளை ஐந்து வயதில் பரீட்சித்தபோது, அவர்களுடைய புத்திக்கு யாதொரு குறைவும் காணப்படவில்லை என்று பல தேசத்து டாக்டர்கள் 2019-ல் அறிவித்தார்கள். ஒருமுறை, சிறிது நேரம், முறைப்படி கொடுக்கும் மயக்கத்துக்காக இந்தக் காரணத்தை வைத்து நடுங்க வேண்டியதில்லை. நாம் அஞ்சவேண்டியது அந்தச் சில நிமிஷங்களில் மூச்சைக் கவனிக்க ஆள் இல்லாமைக்கே.

இதற்கெல்லாம் எதிராகச் சொல்லக்கூடியதை நாம் அறியாமல் இல்லை. "வாசலில் நூறு பேர் காத்திருக்கிறார்கள். ஒரு குழந்தைக்காக அரை மணி நேரம் பஞ்சை வைத்துக்கொண்டு உட்கார முடியுமா?" என்பார்கள். பஞ்சை வைத்தபின் டாக்டர் உட்கார வேண்டியதில்லை, தாய் உட்காருவாள். அந்த அரை மணியில் டாக்டர் வேறு பத்துப் பேரைப் பார்க்கலாம். அமுக்கிப் பிடிக்க மூன்று ஆட்களைக் கூப்பிட்டு, அவர்களுடைய வேலையும் கெட்டு, துள்ளும் தலையில் கோணல் தையல் போட்டு முடிப்பதில் மிச்சமாகும் நேரம் எவ்வளவு? கணக்கெழுதிப் பார்த்தால் அந்த லாபம் பொய் என்பது விளங்கும். "பணம் இல்லை" என்பார்கள். மரக்கச் செய்யும் மருந்துகள் மலிவானவை. கெட்டமைன் 1985 முதல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. நம் தேசத்துப் பட்டியலிலும் இருக்கிறது. அருமையான பொருள் மருந்து அன்று. பயிற்சி பெற்ற ஆள். அந்த ஆளைத் தயார் செய்வது சர்க்காரின் கடமை.

கெட்டமைனைப் போதைக்காகத் துஷ்பிரயோகம் செய்கிறார்கள் என்பதும் உண்மையே. 2013-ல் மத்திய சர்க்கார் அதைக் கடுமையான கட்டுப்பாடுள்ள 'எக்ஸ்' பட்டியலில் சேர்த்தது. 2015-ல் அதைச் சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்று சீன தேசம் ஐக்கிய நாடுகள் சபையில் கேட்டபோது, உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர்கள் அது வேண்டியதில்லை என்றே கூறினார்கள். மயக்க நிபுணரும் யந்திரமும் இல்லாத ஏழை நாடுகளில் எண்ணற்ற ஆபரேஷன்கள் அந்த ஒரு மருந்தை நம்பி நடக்கின்றன என்பதே அவர்கள் சொன்ன நியாயம். பூட்டுப் போடுவதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் கணக்கெழுதும் தொந்தரவுக்கு அஞ்சி மருந்தே வாங்காமல் இருந்துவிடும் ஆஸ்பத்திரியில், திருடனுக்குப் போட்ட பூட்டு குழந்தைக்கும் விழுந்துவிடுகிறது என்பதை நிர்வாகிகள் உணரவேண்டும்.

பொதுஜன ஊழியர்களுக்கு நமது விண்ணப்பம் ஒன்று உண்டு. குழந்தைக்கு வோட்டு இல்லை. அது ஊர்வலம் போகாது, மகஜர் கொடுக்காது, பத்திரிகைக்கு எழுதாது. அது அழுகிறது, அவ்வளவே. அழுகையைக் கேட்டும் கேளாதவர்போல் இருப்பது எளிது. உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் நோயாளர் நலச் சங்கம் இருக்குமானால் அங்கே சென்று கேளுங்கள். காயத்தை மரக்கச் செய்யும் பாகு இங்கே உண்டா? குழந்தைக்குப் பொருந்தும் முகமூடி உண்டா? மயக்கம் கொடுக்கும்போது மூச்சைக் கவனிக்கத் தனியாக ஒருவர் நிற்கிறாரா? தாயை உள்ளே விடுகிறார்களா? இந்த நான்கு கேள்விகளையும் ஒவ்வொரு ஜில்லாவிலும் விடாமல் கேட்டால், ஓராண்டுக்குள் பல இடங்களில் விடை மாறும் என்று நாம் நம்புகிறோம். கட்டிடத் திறப்பு விழாக்களுக்குக் காட்டும் உற்சாகத்தில் கால்பங்கு இதற்குப் போதும்.

ஒரு தேசம் தன் பலசாலிகளை எப்படி நடத்துகிறது என்பதைக் கொண்டு அதை மதிப்பிடுவது பழைய வழக்கம். வாய் திறந்து வழக்காட முடியாதவர்களை எப்படி நடத்துகிறது என்பதைக் கொண்டு மதிப்பிடுவதே நியாயமான அளவுகோல். மூன்று வயதுப் பிரஜையின் புருவத்தில் நான்கு தையல் என்பது ராஜ்ய விவகாரம் அன்று என்று சிலர் நகைக்கலாம். நகைக்கட்டும். அடுத்த முறை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குழந்தை வீறிடுவதைக் கேட்கும்போது, அந்தக் கதவைத் தட்டி, "தாயை உள்ளே விடுங்கள்; காயத்தை முதலில் மரக்கச் செய்யுங்கள்" என்று மரியாதையாகவும் உறுதியாகவும் கேட்கும் ஒருவர் நமது வாசகர்களிடையே இருப்பாரானால், இன்று நாம் எழுதியது வீண் போகவில்லை.